ஃப்ராய்டின் நோயாளிகள்: சில குறிப்புகள்

உளப்பகுப்பாய்வின் மூல நூல் எது என்றால் எல்லோரும் ‘கனவுகளின் விளக்கம்’ என்பார்கள். 1899 நவம்பரில் வந்த புத்தகம். பதிப்பாளர் 1900 என்று போட்டார். 600 பிரதி விற்க எட்டு ஆண்டு பிடித்தது. என் ஓட்டு அதற்கு முந்தைய ‘ஹிஸ்டீரியா ஆய்வுக’ளுக்கே (1895). ப்ராயரும் ஃப்ராய்டும் சேர்ந்து எழுதியது.

*

அதில் வரும் ‘அன்னா ஓ.’ ப்ராயரின் நோயாளி. கொளுத்தும் கோடை, தாகம் தாங்க முடியவில்லை. ஆனால் தம்ளர் உதட்டில் பட்டதும் தள்ளிவிடுகிறார். ஆறு வாரம் பழங்களை வைத்தே ஓட்டினார். ஒருநாள் ஹிப்னாஸிஸ் மயக்கத்தில், தன் துணைக்கு இருந்த ஆங்கிலேயப் பெண்ணின் நாய் தம்ளரில் தண்ணீர் குடித்ததைப் பார்த்த கதை வெளியே வருகிறது. அன்று மரியாதை கருதி வாயைத் திறக்கவில்லையாம். அடக்கி வைத்த அருவருப்பையெல்லாம் கொட்டிவிட்டுத் தண்ணீர் கேட்டார். குடித்தார். விழுங்கிய உணர்ச்சி உடம்பில் நோயாக வரும், சொல்லிவிட்டால் விலகும்: மொத்தக் கோட்பாட்டுக்கும் விதை இது. ‘பேச்சு வைத்தியம்’ என்று பெயர் வைத்ததும் அவரேதான்.

புத்தகம் சொல்கிற அளவுக்கு அவர் குணமாகவில்லை. 1882இல் சுவிட்சர்லாந்தில் ஒரு சானடோரியத்தில் சேர்த்தார்கள். ஜெர்மனியில் 1904இல் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவிய பெர்த்தா பாப்பன்ஹைம் இவர்தான்.

*

அதே நூலில் எம்மி என்ற பெண்மணி. இது எங்கிருந்து வந்தது, அது எங்கிருந்து வந்தது என்று ஃப்ராய்டு குடைந்துகொண்டே இருக்க, எரிச்சலாகி, சும்மா கேள்வி கேட்காமல் என்னைப் பேச விடுங்கள் என்கிறார். ஃப்ராய்டு அடங்கினார். மனதில் பட்டதையெல்லாம் தடையில்லாமல் சொல்ல விடும் முறைக்கு அங்கேயும் ஒரு வேர் இருக்கிறது.

*

டோரா. வயது 18. அப்பாவின் நண்பர் ஏரிக்கரையில் தகாத முறையில் அணுக, கன்னத்தில் அறைந்தவர். அப்பா நம்பவில்லை. ஃப்ராய்டு நம்பினார், நம்பிவிட்டு, உள்ளூர உனக்கு அவர்மேல் காதல் என்றார்! 1900 டிசம்பர் 31, இதுதான் கடைசி நாள் என்று சொல்லிவிட்டு டோரா போய்விட்டார்.

பிறர்மேல் உள்ள உணர்ச்சியை நோயாளி வைத்தியர்மேல் ஏற்றுவதைத் தான் நேரத்தில் கவனிக்கவில்லை என்று 1905இல் ஃப்ராய்டே அச்சில் எழுதினார். அந்தப் பெண்ணின் கோபம் நியாயமானது என்பதை மட்டும் எழுதவில்லை.

*

புதிதாகப் படிக்க வருபவர்கள் 1923இன் ‘ஈகோவும் இட்டும்’ பக்கம் முதலில் போக வேண்டாம். டோராவில் தொடங்குங்கள். ஃப்ராய்டோடு சண்டை போட்டுக்கொண்டே படியுங்கள்.