கொண்டலுக்கு முந்தைய வேலை

மாமாவின் புல்லட்டில் ஹாரன் அடிக்க வேண்டுமென்றால் ஹேண்டில்பாரை இடப்பக்கம் நன்றாக ஒடிக்க வேண்டும். நேராகப் போகும்போது பட்டனை எவ்வளவு அமுக்கினாலும் மூச்சு வராது. பழைய துறைமுகத்து வாசலில் வண்டி இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் ஊரைக் கூட்டும். அந்தச் சத்தத்தை வைத்தே தோணிக்காரர்கள், "டாலி கிளார்க்கு வந்தாச்சுடே" என்பார்களாம். இது மாமாவே சொன்னது. மாமா சொல்வதில் பாதியைத்தான் அத்தை நம்புவாள். நான் முழுவதையும் நம்பினேன்.

தூத்துக்குடியில் அப்போது இரண்டு துறைமுகங்கள் என்பதே எங்களுக்குப் பெருமை. 1974-ல் பெரிய துறைமுகம் என்று அறிவித்த புதுத் துறைமுகத்துக்கு ராட்சதக் கப்பல்கள் வரும். மாமாவுக்கு வேலை பழையதில். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது இருந்த துறைமுகம் அது. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகும் தோணிகளில் வெங்காய மூட்டை எத்தனை, அரிசி மூட்டை எத்தனை என்று எண்ணி எழுதுவதுதான் டாலி கிளார்க்கின் உத்தியோகம். பகல் முழுக்க வண்டி கடலை ஒட்டியே நிற்கும். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் பெட்ரோல் டாங்கில் விரலை ஓட்டி நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கரிக்கும்.

அது அறுபதுகளில் வந்த புல்லட். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் ராணுவத்துக்கென்று புல்லட் தயாரிக்கத் தொடங்கினார்கள். முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே கோத்தார்கள். பிறகு எல்லாமே இங்கேயே செய்தார்கள். வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக். ஹேண்டில்பாரில் இன்றைய வண்டிகளில் இருப்பதுபோல் சுவிட்ச் தோட்டம் எல்லாம் கிடையாது. இடக்கை ஓரத்தில் கிளட்ச், அதன் பக்கத்தில் டீகம்ப்ரஷர் லீவர், அதற்கும் உள்ளே குரோம் பூசிய சின்ன வட்ட டப்பா ஒன்று. அந்த டப்பாவில்தான் டிம்-டிப் லீவரும் ஹாரன் பட்டனும். லைட் சுவிட்சும் ஆம்பியர் மீட்டரும் முன்னால் ஹெட்லைட்டின் தலைமேல் இருக்கும். கிக் அடிக்கும் முன் மாமா அந்த மீட்டர் முள்ளைப் பார்ப்பார். முள் நடுவில் வந்து நிற்கும் வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஷரைப் பிடித்து ஒரு சொட்டு நகர்த்தி, அப்புறம் ஒரே உதை. வண்டி எடுக்காவிட்டால் சுற்றி நிற்கும் எங்களைத்தான் முறைப்பார்.

ஹாரன் கோளாறோடு காலம் ஓடியிருக்கும். டிம்-டிப்பும் சேர்ந்து கெட்டபோதுதான் வினை. திருச்செந்தூருக்குப் போய்விட்டு ராத்திரி திரும்புகிறோம். பெட்ரோல் டாங்கின் மேல் நான், பின்னால் அத்தை. ஆறுமுகநேரி, ஆத்தூர், முக்காணி தாண்டிப் பழையகாயலை நெருங்கும்போது எதிரே உப்பு லாரி. மாமா மரியாதைக்கு லைட்டைத் தாழ்த்தினார். லைட் தாழவில்லை, அடியோடு அணைந்தது. இரண்டு பக்கமும் ஒன்றுமே தெரியவில்லை. கட்டைவிரலால் லீவரை முன்னும் பின்னும் தட்டுகிறார். ஒருமுறை மின்னி மறுபடி அணைகிறது. அத்தை கந்த சஷ்டி சொல்ல ஆரம்பித்துவிட்டாள். லாரிக்காரன் நல்லவன், ஓரங்கட்டி நின்றான். "என்ன அண்ணாச்சி, கண்ணடிக்கியளா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை சொன்னாள்: "அந்தச் சனியன மாத்தித் தொலைங்களேன்."

"மாத்துனா ஆறு மாசம். சரி பண்ணுனா ஒரு வருசம் வரும்" என்றார் மாமா.

அந்தக் கணக்கு அவருடையதல்ல, கிரேட் காட்டன் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் வைண்டிங் கடை வைத்திருந்த தாத்தாவுடையது. மாமாவுக்கு அவர் அண்ணாச்சி. எனக்குத் தாத்தா. மோட்டார் படகுகளின் டைனமோ, உப்பளத்துப் பம்பு மோட்டார், மில்லிலிருந்து வரும் மின்விசிறி என்று எல்லாமே அவர் கைக்கு வரும். சின்ன வயதில் முத்துக்குளிக்கும் கூட்டத்தோடு படகில் போனவர். இந்தக் கடலில் கடைசியாக அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ல். சிப்பிப் பார்கள் வறண்டு அந்தத் தொழில் நின்றதும் கம்பி சுற்றக் கற்றுக்கொண்டாராம். முத்தைப் பற்றிக் கேட்டால் பேசவே மாட்டார். களிம்பைப் பற்றிக் கேட்டால் நிறுத்த மாட்டார்.

அது 1986. திருநெல்வேலியிலிருந்து பிரித்து வ.உ.சிதம்பரனார் மாவட்டம் அமைத்த ஐப்பசி. தலைநகரமான எங்கள் ஊரில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதிலெல்லாம் மனம் போகவில்லை. தாத்தா ஓர் எனாமல் தட்டில் வெள்ளைத் துணியை விரித்து, சுவிட்சைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்.

முதலில் திருகாணிகள். துருப்பிடித்த திருகாணியை நேரே திருப்பினால் தலை சிதைந்துவிடும் என்று, முந்தின நாளே மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தார். குரோம் மூடி வந்தது. உள்ளே கறுப்பு பேக்லைட் வட்டு, அதில் பதித்த பித்தளை முனைகள், ஒரு ஸ்பிரிங், அதன் தலையில் கடுகளவு எஃகுக் குண்டு. லீவரைத் தள்ளும்போது 'டிக்' என்று கேட்பது இந்தக் குண்டு ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குத் தாவும் சத்தம். தாத்தா கட்டைவிரலால் அதை மூடிக்கொண்டே தூக்கினார். "இது குதிச்சா திருநேலிக்குத்தாம்ல போய்த் தேடணும்."

பித்தளை இருந்த இடமெல்லாம் பச்சை. பாசி மாதிரி, தொட்டால் மாவாக உதிரும் பச்சை. எங்கள் வீட்டில் செம்புக் குடத்தில் களிம்பு ஏறினால் புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பார்கள். நான் அதைச் சொன்னேன். தாத்தாவுக்கு வந்ததே கோபம். "உப்புதாம்ல இதுக்கு எமன். எமன் கையிலயா வைத்தியம் பாக்கச் சொல்லுத?"

அவர் சொன்னதன் ரசாயனம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. கடற்காற்றில் வரும் உப்பு, செம்போடு சேர்ந்து குளோரைடாகி உலோகத்தின் குழிகளுக்குள் உட்கார்ந்துகொள்கிறது. மேல் பச்சையைச் சுரண்டினாலும் உள்ளே இருப்பது, காற்றில் ஈரம் ஏறியதும் அமிலத்தை உண்டாக்கி மறுபடி தின்னத் தொடங்கும். கோயில் சிலைகளுக்கு வரும் இதே கேட்டுக்கு வெண்கல நோய் என்று பெயர். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-ல் ஒரு ரசாயனக் கூடம் தொடங்கி, எஸ்.பரமசிவன் என்ற வேதியியலாளர் பொறுப்பேற்றது நோய் கண்ட வெண்கலங்களைக் காப்பாற்றத்தான். பரமசிவனின் பெயரைத் தாத்தா கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் சிலைக்குச் செய்வதைத்தான் சுவிட்சுக்குச் செய்தார்: எலுமிச்சைச் சாறில் ஊறவைத்துப் பச்சையை எடுத்தபின், கழுவினார், மறுபடி கழுவினார், புதுத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து மறுபடியும் கழுவினார்.

கடைக்குப் பின்னாலேயே கிணறு இருந்தது. அதை அவர் தொடவில்லை. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. "நல்ல தண்ணி ஒரு செம்பு கொண்டாலே" என்று என்னைக் குழாயடிக்கு அனுப்பினார். நல்ல தண்ணீர் என்றால் வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணி. நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து 1927-ல் கொண்டுவந்த குடிநீர்த் திட்டம் அது. அவருக்கு ஊரில் சிலை உண்டு. குழாயடியில் வரிசையில் நின்ற அக்காமார், சுவிட்சைக் கழுவக் குடிதண்ணீரா என்று என்னை வைத பேச்சை இங்கே எழுத முடியாது.

காய்ந்தபின் தாத்தா முனைகளை ஜீரோ நம்பர் எமரித் தாளில் இரண்டே இழுப்பு இழுத்தார். அதிகம் தேய்த்தால் முனை குள்ளமாகிவிடும், அப்புறம் எதிர் முனையைத் தொடாது. பேக்லைட் வட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி விரிசல் பார்த்தார், மோந்தும் பார்த்தார். சூடேறி வெந்த பேக்லைட்டில் கார்பாலிக் வாடை அடிக்கும். லியோ பேக்லண்ட் 1907-ல் கண்டுபிடித்த இந்தப் பொருள் ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது. உடைந்தால் பிளாஸ்டிக்கைப்போல் சூடுகாட்டி ஒட்டவைக்க முடியாது. எங்கள் வட்டு பிழைத்தது. ஸ்பிரிங்தான் பாதி தேய்ந்திருந்தது. பேனா ஸ்பிரிங்கை வெட்டிப் போடலாமே என்றார் மாமா. நிறையப் பேர் அப்படித்தான் செய்வார்கள். தாத்தா உதட்டைப் பிதுக்கினார். டப்பாவைத் துழாவி, கனம் பார்த்து, படகு மாக்னெட்டோ ஒன்றில் கிடந்த ஸ்பிரிங்கை எடுத்துப் பொருத்தினார்.

நூல் சுற்றிய பழைய ஒயர்கள் நுனியில் கறுத்திருந்தன. நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி, ஈயம் வைத்தார். தகரம் ஒட்டுகிறவர்கள் ஈயம் பிடிக்க அமிலம் தடவுவார்கள். அது காலப்போக்கில் ஒயரைத் தின்றுவிடும் என்று இவர் ரோஸின் கட்டியை மட்டுமே தொட்டார். ஒயர் ஹேண்டில்பார் துளைக்குள் நுழையும் இடத்தில் விளிம்பு அறுக்காமலிருக்க ஒரு துண்டு ரப்பர் வேண்டும். என் பங்கு அங்கேதான். என் சைக்கிளுக்கு வாங்கி வைத்திருந்த வால்டியூப்பைத் தியாகம் செய்தேன்.

"இம்புட்டுக்கும் காரணம் ஆறு வோல்ட்" என்றார் தாத்தா. அவர் விரலை மடக்கிப் போட்ட கணக்கை இப்போது நானே போட்டுப் பார்க்கிறேன். 6 வோல்ட்டில் 30 வாட் பல்பு எரிய 5 ஆம்பியர் ஓட வேண்டும். வழியில் களிம்பேறிய முனை 0.2 ஓம் தடை போட்டாலே ஏறக்குறைய 1 வோல்ட் அங்கேயே சூடாகிப் போய்விடும். ஆறில் ஒன்று போனால் என்ன என்று தோன்றும். இழைப் பல்பின் வெளிச்சம் வோல்ட்டைவிட வேகமாகச் சரியும். ஏறக்குறையப் பாதி வெளிச்சம் போயிருக்கும். இதே தடை 12 வோல்ட் வண்டியில் இருந்தால் ஓட்டுகிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. இங்கிலாந்து வண்டிகளின் மின்சாமான்களுக்கு இருட்டின் இளவரசன் என்று பட்டம் கட்டிக் கேலி பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான். பாதிப் பழி தேய்க்காத முனைகளுடையது.

ஹாரன் ரகசியம் கடைசியில் அவிழ்ந்தது. பட்டனை அமுக்கினால் கரண்ட் ஹேண்டில்பார் வழியாகத்தான் எர்த்துக்குப் போக வேண்டும். சுவிட்ச் கிளாம்புக்கு அடியில் துரு. அதைத் தாண்டினால் கோன் செட்டில் கிரீஸில் மிதக்கும் குண்டுகள். இடப்பக்கம் ஒடித்தால் மட்டும் எங்கோ இரும்பும் இரும்பும் உரசி வழி கிடைத்திருக்கிறது. தாத்தா கிளாம்பு உட்காரும் இடத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, ஹேண்டில்பாரிலிருந்து சேஸிஸுக்குத் தனியாக ஓர் எர்த் ஒயர் போட்டார். முனைகளின் மேல் வாஸ்லின் தடவி மூடினார்.

இன்ஜின் போடாமல் லைட்டைப் போட்டார்கள். மீட்டர் முள் முன்னைவிட அதிகமாக மைனஸ் பக்கம் சாய்ந்தது. மாமா பதறினார். "அண்ணாச்சி, பேட்டரியக் குடிக்கி பாருங்க!"

"குடிக்கட்டும் வேய். இத்தன நாளு பட்டினியால்லா கெடந்துச்சு."

கொண்டல் அடிக்கத் தொடங்கினால் கடலிலிருந்து நேரே ஈரமும் உப்பும் வரும். அதனால் ஆண்டுதோறும் அதற்கு முன் சுவிட்சைக் கழற்ற வேண்டும் என்பது தாத்தாவின் கட்டளை. மாமா அதை எனக்குத் தள்ளிவிட்டார். புரட்டாசிக் கடைசியில் எனாமல் தட்டு, வெள்ளைத் துணி, ஒரு செம்பு நல்ல தண்ணீர். கூலியாக ஒரு பொட்டலம் மக்ரூன். முந்திரியும் முட்டை வெள்ளைக் கருவும் சேர்ந்த அந்தப் பண்டத்துக்காக நான் கப்பலையே கழற்றியிருப்பேன்.

இப்போது பழைய புல்லட்டைப் புதுப்பிக்கிறவர்கள் சென்னைப் புதுப்பேட்டைச் சந்துகளில் இந்த வட்ட டப்பாவைத் தேடி அலைகிறார்கள். பழையதைப்போலவே செய்த புதுசும் கிடைக்கிறது. மூடி கண்ணாடிபோல மின்னும். உள்ளே பித்தளைத் தகடு தாள் கனத்தில் இருக்கும். காட்சிக்கு நிறுத்துகிறவர்களுக்கு அது போதும். கடற்கரையில் ஓட்டுகிறவனுக்குப் போதாது.

தொண்ணூறுகளில் மாமா வண்டியை விற்றார். வாங்கியவர் உள்ளூர்க்காரர், விவரமானவர். 12 வோல்ட்டுக்கு மாற்றி, இரண்டு கையிலும் பிளாஸ்டிக் சுவிட்ச் போட்டுக் காட்ட வந்தார். "இனிமே வருசா வருசம் கழட்டுத சோலியே கெடையாது அண்ணாச்சி" என்றார். மாமா சுற்றிவந்து பார்த்தார். ஹாரனை அடித்தார். நன்றாகத்தான் இருந்தது.

"ரெண்டு கொண்டல் போவட்டும்" என்றார்.

மூன்றாவது ஐப்பசியில் அந்த மனிதர், இண்டிகேட்டரைத் தள்ளினால் ஹாரன் அடிக்கிறது என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். அத்தைதான் கதவைத் திறந்தாள். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்: "ஏலே, எலுமிச்சம்பழம் இருக்கா பாரு."