ஆயிரம் விநாடிக்கு அப்பால்

கடந்த வாரம் சிலர் என்னிடம் முறையிட்டனர்: கைபேசிச் செயலி காட்டும் ஆறு இலக்க எண்ணைச் சரியாக இட்டும் சர்வர் ஏற்கவில்லையாம். அவசரத்தில் பிழையாக இடுகின்றனர் என்றே எண்ணினேன். ஒருவரிடம் சற்றுக் கடிந்தும் பேசிவிட்டேன்.

அவ்வெண் முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறுவது. சர்வரின் கடிகாரமோ இருபது நிமிடம் பின்தங்கியிருந்தது. நகலெடுப்பதற்காக அந்த மெய்நிகர் இயந்திரத்தை அவ்வளவு நேரம் உறங்கவைத்தவன் நானே. விழித்தபின், விட்ட இடத்திலிருந்து அது நேரத்தை எண்ணியிருக்கிறது.

நேரத்தைத் திருத்தும் என்டிபி சேவை என்னவாயிற்று? அதன் பட்டியலில் ‘ரீச்’ என்னும் பத்தியில் 377 எனக் கண்டால், கடைசி எட்டு அழைப்புகளுக்கும் மறுமொழி வந்ததென அறிந்துகொள்ளுங்கள். நான் கண்டது 0. யுடிபி 123ஆம் வாயிலை ஃபயர்வால் அடைத்திருந்தது. (அந்த விதியை எழுதியவனும் நானே.)

வாயிலைத் திறந்தேன். சில நிமிடங்களில் சேவையே நின்றுபோயிற்று! சிறு பிழையை மெல்ல மெல்லச் சரிசெய்யும் அச்சேவை, 1000 விநாடியைக் கடந்த வேறுபாட்டைத் தானாகத் தொடாது. பதிவில் ஒரு வரி எழுதிவிட்டு, தீர்மானத்தை மனிதரிடம் விட்டு விலகும். ஒருமுறை மட்டும் எவ்வளவு பெரிய திருத்தத்தையும் அனுமதிக்கும் ‘ஜி’ என்னும் தெரிவுடன் அதை மீண்டும் தொடங்கினேன். நேரம் ஒரே தாவலில் முன்னே வந்தது.

பின்பு, நான் கடிந்துகொண்டவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.