துளை விலகிய தட்டு

கல்லூரி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, கிரிக்கெட் வெற்றிகளைப் பற்றியோ விடுதிச் சாப்பாட்டைப் பற்றியோ எழுதுதற்கு என்னிலும் தகுதியுடையோர் பலர் உளர் என்று எண்ணினேன். எனக்கே உரிமையான பொருள் ஒன்றுதான் உண்டு. அஃது ஓர் உடைந்த இசைத்தட்டு. அதனை உடைத்தவன் நான்.

1962ஆம் ஆண்டு நான் மேல்வகுப்பு மாணவன். இசை மன்றத்துக் கிராமபோன் பெட்டிக்குப் பொறுப்பாளன். பொறுப்பு என்பது, சாவி கொடுத்தலும் பக்கத்துக்கொரு புது ஊசி மாற்றுதலுமே. அக்காலத்து 78 சுழற்சித் தட்டுகள் அரக்கினால் ஆனவை. அவ்வரக்கில் கல்மாவு கலந்திருக்கும். அம்மாவு உருக்கு ஊசியின் முனையைச் சிறிது நேரத்தில் அராவி, வரிப்பள்ளத்துக்கு ஏற்ற வடிவாக்கிக்கொள்ளும். அங்ஙனம் தேய்ந்த ஊசியை மறுபக்கத்துக்கும் வைப்போமாயின், இம்முறை ஊசி தட்டை அராவும். சிக்கனம் கருதி ஓர் ஊசியால் நான்கு பக்கம் வாசித்த முந்திய பொறுப்பாளர்களின் கைவண்ணம் மன்றத்துத் தட்டுகளிற் பலவற்றில் நன்கு கேட்டது.

எங்கள் சங்கீத ஆசிரியர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். அவர் சிதம்பரம் சென்ற காலத்தில் செங்கோட்டை கிட்டப்பா இவ்வுலகில் இல்லை. 1906இல் பிறந்த அம்மேதை 1933இல், இருபத்தேழு வயதில், மறைந்துவிட்டார். ஆசிரியருக்குக் கிட்டப்பா என்பவர் ஒரு தட்டே ஆவர். ‘எவரனி’ என்னும் தியாகராசர் கிருதி அடங்கிய அத்தட்டை ஒரு துணிப்பையில் இட்டு வைத்திருந்தார். அப்பாடலை அவர் எந்த வித்துவானிடமும் கேட்டுப் படித்தவரல்லர், தட்டிடமே படித்தார். பின்னர் எங்களுக்கும் அதனையே பயிற்றினார்.

அவ்வாண்டு சரசுவதி பூசைக்கு முதனாள், மண்டபத்துப் படியில் ஏறும்போது என் கையிலிருந்து பை நழுவியது. அரக்குத் தட்டு உடையும் ஒலியைக் கேட்டோர் அறிவர். பீங்கான் உடைந்தாற்போன்ற ஒரு சிறு சத்தம், அவ்வளவே. உள்ளே மூன்று துண்டுகள். நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. பூசைக்குத் தட்டு வேண்டாம், பிள்ளைகளே பாடட்டும் என்று ஆசிரியர் கூறியது என் நல்லூழ். கொழும்பில் எழுதுவினைஞராயிருந்த மாமாவுக்குக் கடிதம் எழுதினேன். பழைய தட்டுகள் விற்கும் கடையொன்றில் அதே பாடலைத் தேடி எடுத்து, மூன்று வாரங்களின் பின் யாழ்தேவியில் வந்த அயலவர் ஒருவர் கையில் அனுப்பியிருந்தார். நடுத்தாளின் நிறம் வேறு. ஆயினும் அரக்கிற் பொறித்திருந்த பதிவெண் இரண்டிலும் ஒன்றே. ஒரே பாட்டு, ஒரே நாளிற் பாடியது. புதியதைப் பழைய பையிலிட்டுக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் அவர் தட்டை வைக்கச் சொன்னார். பாடல் முடிய முன்னரே கையை உயர்த்தினார்.

“தம்பி, இஃது என்னுடைய தட்டு அன்று. எங்கே வாங்கினீர்?”

முழுவதையும் சொன்னேன். அவர் கோபிப்பார் என்று நின்றேன். அவரோ, “திரும்பவும் வையும்” என்றார். மும்முறை வைத்தேன். இறுதியில் வரும் நீண்ட கார்வையில் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டார். பின் அப்பிடியைத் தாமே பாடிக் காட்டினார். எங்களுக்குக் கற்பித்த வண்ணமே, கார்வை மெல்ல மேலும் கீழும் அசைந்தது. தட்டிலோ அது கம்பிபோல் நேராக நின்றது.

காரணத்தை அவரே கண்டுபிடித்தார். உடைந்த துண்டுகளைக் கொண்டுவரச் சொல்லி, மேசையிற் பொருத்தி, துளையிலிருந்து வரிகளின் தூரத்தை அடிமட்டத்தால் அளந்தார். ஒருபுறம் கூட, எதிர்ப்புறம் குறைந்திருந்தது. துளை நடுவில் இல்லை.

இதனைச் சற்று விளக்குதல் வேண்டும். பாடகர் முன் மெழுகில் வெட்டிய பதிவிலிருந்து உலோகப் படி எடுத்து, அதிலிருந்து அச்சுத் தகடுகள் பல ஆக்குவர். சூடாக்கிய அரக்கை அத்தகடுகளிடையே வைத்து அழுத்தினால் தட்டுப் பிறக்கும். ஆதலால் ஒரே பதிவெண்ணுடைய தட்டுகளும் வெவ்வேறு தகட்டின் பிள்ளைகளாகலாம். தேய்ந்த தகட்டிற் பிறந்தது மங்கி ஒலிக்கும். நடுப்பிசகிய தகட்டிற் பிறந்தது சுருதி ஊசலாடும். துளை ஒரு மில்லிமீற்றர் விலகினால், வெளி வரிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று ஏறி இறங்கும். அதனைப் பலர் உணரார். ஊசி நடுவை அணுகி, இரண்டு அங்குல ஆரையை அடைகையில் அது நூற்றுக்கு இரண்டாகிவிடும். அரைக்கட்டை என்பதே நூற்றுக்கு ஆறுதான். ஆகவே ஏற்றமும் இறக்கமும் கூடி, அரைக்கட்டையில் மூன்றில் இரண்டு பங்கு அசைவு! அதுவும் பாட்டின் முடிவில், கார்வையின்மேல்.

ஆசிரியர் துண்டுகளைப் பார்த்தபடியே சொன்னார்: “இருபது வருடமாக நான் கிட்டப்பாவைப் பாடவில்லை. துளையைப் பாடியிருக்கிறேன்.”

அன்று எவரும் சிரிக்கவில்லை. அடுத்த கிழமை முதல் எங்களுக்கு அப்பிடியைத் திருத்திக் கற்பித்தார். தாம் பாடும்போது மட்டும் நெடுங்காலம் தடுமாறினார். நான் உடைத்தது மூன்று துண்டான அரக்கை மட்டுமன்று என்பது அவ்வேளை விளங்கியது.

எனக்குத் தண்டனையாக அவர் தந்தது வேகம் பார்க்கும் வேலை. பெட்டியின் வேகத் திருகு 78இல் நின்றாலும், வில் தளரத் தளர அதை நம்புவதற்கில்லை. கிட்டப்பாவுக்கு ஆர்மோனியம் வாசித்தவர் அவர் தமையனார் காசி ஐயர். அவ்வார்மோனியமே எங்களுக்கு அளவுகோலாயிற்று. கல்லூரி ஆர்மோனியத்தில் ஆசிரியர் ஒரு கட்டையை அழுத்திக்கொண்டிருப்பார். நான் திருகைத் திருப்புவேன். வேகம் பிழையெனில் தட்டிலுள்ள ஆர்மோனியம் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழுந்து அலறும். பொருந்தும் இடம் வந்ததும் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. வேகம் நூற்றுக்கு ஆறு பிசகினால் அடுத்த கட்டையில் அழகாகப் பொருந்திவிடும்! கிட்டப்பாவின் சுருதி ஐந்தா, ஐந்தரையா என்று யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் திண்ணைகளிற் சண்டையிட்டதற்கு அவரவர் வீட்டுப் பெட்டியின் திருகே காரணம் என்பது என் துணிபு.

பின்னர் பொறியியல் கற்க இலண்டன் சென்றேன். 33⅓ சுழற்சி எல்.பி. 1948இலும் 45 சுழற்சிச் சிறுதட்டு 1949இலும் அமெரிக்காவில் வெளிவந்தவை. நான் கையில் எடுத்தபோது அவை பழகிப்போன பொருள்கள். எது சிறந்தது என்று அங்கும் நண்பர்கள் வாதிடுவர். நான் கணக்கிட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு அங்குல எல்.பி.யின் வெளிவரி ஊசியின்கீழ் விநாடிக்கு 20 அங்குலம் ஓடுகிறது. உள்வரி எட்டே அங்குலம். 45 தட்டிலோ தொடக்கம் ஏறத்தாழ 15, முடிவு 10. எனவே எல்.பி.யின் முதற்பாட்டு 45ஐ வெல்லும். கடைசிப் பாட்டுத் தோற்கும். சகர ஒலிகள் சீறுவது கடைசிப் பாட்டிலேதான். பத்தங்குல 78 தட்டின் வெளிவரி 38 அங்குலத்துக்குக் குறையாமல் ஓடுவது. அரக்கின் இரைச்சல் மட்டும் இல்லையாயின் அதற்கு நிகர் ஏது! அதற்குரிய ஊசிமுனை அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு ஆரையுடையது, எல்.பி. ஊசி ஒரு பங்கு. சிறிய ஊசியைப் பெரிய பள்ளத்தில் விட்டுவிட்டுப் பழைய தட்டுகள் இரைகின்றன என்று குறைகூறுவோர் இன்றும் உளர்.

வேகம் பார்க்க அங்கே ஆர்மோனியம் வேண்டியதில்லை. 77 கோடுகள் அச்சிட்ட காகித வட்டத்தைத் தட்டின்மேல் வைத்து மின்விளக்கின்கீழ்ப் பார்த்தால், 50 சுற்று மின்சாரத்தில், 77.92 சுழற்சியில் கோடுகள் அசையாது நிற்கும். அதுவே அந்நாடுகளின் ‘78’.

1978இல் கிட்டப்பாவின் பழைய பாடல்களைத் தொகுத்த எல்.பி. ஒன்று கிடைத்தது. இரைச்சலைக் குறைக்கப்போய்க் குரலின் கூர்மையையும் சிறிது குறைத்திருந்தார்கள். ‘எவரனி’ முடிவை நெருங்கியது. கார்வை அசைந்தது. என் உடம்பு சிலிர்த்தது. என் எல்.பி.யின் துளைதான் பிசகோ என்று கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். அதுவாயின் பத்து விநாடியில் ஐந்தாறு ஊசல்களே வரவேண்டும். வந்தவை பதின்மூன்று. நிமிடத்துக்கு 78! பிரதி எடுக்க வைத்த பழைய தட்டின் துளை விலகியிருந்திருக்கிறது. அந்த ஊசல் இனி எந்த எல்.பி.யைச் சுழற்றினும் போகாது.

மறுவருடம் ஊர் வந்தபோது அதனைக் கொண்டு ஆசிரியர் வீட்டுக்குச் சென்றேன். ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள், பார்வை மங்கியிருந்தது. ஒன்றும் முன்கூட்டிச் சொல்லாமல் விறாந்தையில் வைத்து வாசிக்கச் செய்தேன். சாய்மனைக் கதிரையிற் கண்ணை மூடியிருந்தார். கார்வை வந்ததும் அவர் வலக்கைச் சுட்டுவிரல், கதிரைச் சட்டத்தின்மேல், ஊசலோடு சேர்ந்து அசைந்தது.

“தம்பி, இவர்களும் துளையைப் பதித்துவிட்டார்கள்” என்றார்.

ஊசியை எடுக்கப் போனேன்.

“எடுக்க வேண்டாம். அந்தக் கடைசி இடத்தை இன்னொரு முறை வையும்.”