உளியும் கேமராவும்

மலேசியாவில் ரவாங்கிலிருந்து கோல சிலாங்கூர் பக்கம் போனால் வழி நெடுகச் செம்பனைதான். பால்மரங்கள் மிச்சமிருக்கும் தோட்டங்களில் வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் விடிவதற்கு முன்பே உள்ளே போய்விட வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் தளர்ந்துவிடும். தலைவிளக்கின் வெளிச்சத்தில் உளி பட்டையை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குத்தான் சீவுகிறது. இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே ஒரு சரிவு, அதன் முனையில் பால் ஏந்தும் மங்கு. கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். ஆண்டுக்கணக்கில் வெட்டு கீழே இறங்க இறங்க, வெட்டுபவரின் முதுகும் சேர்ந்து வளைகிறது. இந்தப் பொறுமையைப் படமாக்க அதே பொறுமையுள்ள ஒரு கண் வேண்டும். போர்க்களத்தில் வேலை செய்யும் கேமராவுக்கு அது வாய்ப்பதில்லை. அங்கே எப்போது அழுத்துவது என்பதைக் குண்டுதான் முடிவு செய்கிறது.

பிரேசில் புகைப்படக்காரர் செபஸ்தியோ சல்காடோவின் வாழ்க்கையை வைத்தே இதைச் சொல்கிறேன். உலகத் தொழிலாளர்களைப் பற்றிய தொகுப்புக்காக 1991-ல் ருவாண்டாவின் தேயிலைத் தோட்டங்களைப் படமெடுத்தவருக்கு, 1994 இனப்படுகொலையின்போது அதே நாட்டில் பிணக்குவியல்களைப் படமெடுக்க நேர்ந்தது. உடம்பு படுத்தியது. மருத்துவர் நிறுத்தச் சொல்ல, ஊர் திரும்பி மனைவி லெலியாவோடு வறண்டுபோன குடும்பப் பண்ணையில் மரம் நடத் தொடங்கினார். 1998-ல் அதற்கென்றே ஓர் அமைப்பும் உருவானது. மரங்கள் வளர, படமெடுக்கும் ஆசையும் திரும்பியது. 2004-ல் கலாபகோஸ் தீவுகளில் ஓர் ஆமை அவரைக் கண்டு விலகிப்போனது. அவர் கையையும் முழங்காலையும் தரையில் ஊன்றி அதன் உயரத்துக்கு இறங்கி, பின்வாங்கி, அது நம்பும்வரை காத்திருந்தார். அவருக்குத் திரும்பக் கிடைத்த சுதந்திரம் இதுதான் என்பது என் கருத்து: எதிரே இருப்பவர் இசையும்வரை காத்திருக்கும் சுதந்திரம்.

போரை விட்டு ஆமைக்குப் போனது தப்பித்தல்தானே என்று கேட்கலாம். ஆனால் எல்லாச் சேதமும் சத்தத்தோடு வருவதில்லை என்பதை இந்த வட்டாரத்து மண்ணே சொல்லும். 1948 டிசம்பரில் பத்தாங் காலி ரப்பர் தோட்டத்தில் பிரிட்டிஷ் படையினர் ஆயுதமற்ற 24 பேரைச் சுட்டுக்கொன்றார்கள். அதற்கு ஒரு தேதி இருக்கிறது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற துண்டாடலுக்கும், பால்மரம் செம்பனையானதற்கும், தொழிலாளர் லயங்கள் வீடமைப்புத் திட்டங்களுக்கு வழிவிட்டதற்கும் எந்த ஒரு நாளைச் சுட்டுவது? நின்று பார்க்கும் கண்ணுக்குத்தான் அவை புலப்படும்.

எழுத்தாளர் சூசன் சொன்டாக் 2003-ல் எழுப்பிய ஆட்சேபணை இதைவிடக் கனமானது: சல்காடோ எடுத்த புலம்பெயர்ந்தோர் படங்களுக்குக் கீழே அவர்களுடைய பெயர் இல்லை. அதை நான் முழுக்க ஏற்கிறேன். தோட்டத் தமிழரைப் பெயரில்லாத 'கூலி'யாகக் காட்டிய காலனிக் காலத்துப் படங்கள் நமக்குப் போதும். இனி இங்கே படமெடுப்பவர் சம்மதம் கேட்டு, வெட்டுபவரின் பெயரையும், எத்தனை வருஷமாக உளி பிடிக்கிறார், எந்த நிரை என்பதையும் படத்தோடு எழுதட்டும். அதைக் கேட்க, வெட்டுபவர் பால் எடுத்து நிறுத்துப் போடும்வரை படமெடுப்பவர் காத்திருக்க வேண்டியிருக்கும்.