மறுநடுகை மலையில் புல்லும் மானியமும்

இலங்கையில் தலவாக்கலை, ஹட்டன் பக்கத்து மலைகளில் தேயிலைக்கு நடுவே ஆளுயரப் புல் மட்டும் நிற்கும் துண்டுகள் உண்டு. பார்ப்பவருக்குக் கைவிட்ட நிலம் போலத் தோன்றும்; ஆனால் அது நட்டு வளர்த்த புல். முதிர்ந்த தேயிலையைத் தூரோடு பிடுங்கிய மலையில், மறுநடுகைக்கு முன் குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ வைத்து ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு விடச் சொல்கிறது தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம். வெட்டிய புல் அங்கேயே மூடாக்காகக் கிடந்து மக்கும். வேர்கள் இறுகிய மண்ணை இளக்கும். தேயிலை வேரைத் தாக்கும் நூற்புழுவும் குறையும்.

மறுநடுகை வேலையில் கைத்திறன் தெரிவது கான் என்னும் வடிகால் வெட்டுவதில். சரிவுக்குக் குறுக்கே, லேசான வாட்டத்தோடு வெட்டும் கானுக்குள் இடைவிட்டு இடைவிட்டு மண் தடுப்புகளை விட்டுவைப்பார்கள். தடுப்பு கானின் விளிம்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் மழைநீர் ஒரு குழியில் தேங்கி, வண்டலை இறக்கிவிட்டு, தடுப்பின் மேலாக அடுத்த குழிக்கு வழியும். விளிம்பு மட்டத்துக்கு விட்டால் தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு மலையில் இறங்கும். மேல்மண்ணும் கூடவே போகும்.

இந்த வேலைகளுக்குப் பின்னால் சட்டமும் உண்டு: மண் பாதுகாப்புச் சட்டம் 1951இல் வந்தது, தேயிலை மானியச் சட்டம் 1958இல். சிறுதோட்டக்காரருக்கான மறுநடுகை மானியத்தை இன்று சிறு தேயிலைத் தோட்ட அபிவிருத்தி அதிகாரசபை தருகிறது. வேலையைப் பார்வையிட்ட பிறகே, கட்டம் கட்டமாகப் பணம் வரும். செலவுக்கு அது உதவும், காத்திருப்புக்குப் போதாது. பிடுங்கிய நாள் முதல் முழுக் கொழுந்து எடுக்கும்வரை மலைநாட்டில் சுமார் ஐந்தாண்டு ஓடிவிடும். பிரித்தானிய மலை விவசாயிக்குப் புல்வெளியைப் பேணுவதற்கே சில திட்டங்களில் ஆண்டுதோறும் கொடுப்பனவு உண்டு. இங்கே புல் நிற்கும் காலம் வருமானமற்ற காலம். விதையிலிருந்து வளர்ந்த பழைய தேயிலையை விட மனமில்லாமல் சிறுதோட்டக்காரர் வைத்திருப்பதற்குச் சோம்பலைக் காரணம் காட்டுவது அநியாயம். நுவரெலியாப் பக்கம் சிலர் லீக்ஸ், கேரட், உருளைக்கிழங்குக்கு மாறுகிறார்கள். சில மாதங்களிலேயே காசு வரும், ஆனால் செங்குத்துச் சரிவில் அடிக்கடி கொத்தும் மண் நிற்காது. 2021 மே மாதம் அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தியபோதும், மண் தேறத் தேவையான அவகாசம் யார் கணக்கிலும் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று.

பெருந்தோட்டத் தொழிலாளிக்கு மறுநடுகை மானியத்தில் இடமே கிடையாது. 1992 முதல் பெரும்பாலான பெருந்தோட்டங்களைக் கம்பனிகள் நடத்துகின்றன. அங்கும் மானியம் நிலத்தை வைத்திருப்பவருக்கு, கான் வெட்டியவருக்கு அன்றைய பேர், அதாவது ஒரு நாள் கூலி. லயம் என்னும் தொழிலாளர் குடியிருப்பில் மாடு வளர்க்கும் குடும்பங்களுக்குக் குவாத்தமாலாப் புல் நல்ல தீவனம். ஆனால் அந்தப் புல் மலையிலேயே கிடந்து மக்க வேண்டும் என்பது விதி. ஒரு கட்டு மாட்டுக்குப் போனால் மூடாக்கில் ஒரு கட்டு குறையும். சாணம் எருவாகத் திரும்பி வரும் என்றாலும், அதை மலைக்குச் சுமந்து ஏற்றும் கூலி எந்த மானியப் படிவத்திலும் ஏறுவதில்லை.