கண்ணாடியை இறக்கி விடு, கண்ணு



போன வாரம் கம்பங்கூழ் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் கார் ரேஸ் பற்றி எழுதப் போகிறேன். டீச்சருக்கு என்ன ஆச்சு என்று சிரிக்காதீர்கள். கொஞ்சம் நீளமான பதிவுதான். வண்டி ஓட்டுகிறவர்களும் பட்டறையில் வேலை செய்கிறவர்களும் கட்டாயம் கடைசி வரை படிக்க வேண்டும்.

என் மகள் வயிற்றுப் பேரனுக்கு 23 வயது. படிப்பை முடித்து வேலைக்குப் போகிறான். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க 'டிராக் டே' ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டான். வரும் ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும். மகள் எனக்குப் போன் செய்து அழுகிறாள். "அம்மா, நீங்க சொன்னாத்தான் கேப்பான். போக வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்கிறாள்.

அவள் பயத்துக்குக் காரணம் உண்டு. என் மருமகனின் தம்பிக்கு நடந்தது உறவுகள் எல்லோருக்கும் தெரியும். பல்லடம் ரோடு, வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. தலையில் ஒரே ஒரு அடி. உடம்பில் வேறு எங்கும் கீறல் இல்லை. ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் இருந்தது. அதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

நான் பேரனைத் திட்டவில்லை. "வாங்கி வச்சிருக்கற சாமானை எல்லாம் எடுத்துட்டு வா சாமி. எது எதுக்குன்னு எனக்குப் பாடம் நடத்து. அப்புறம் பேசிக்கலாம்" என்றேன். 35 வருடம் பாடம் நடத்தியவள் நான். ஒருவனுக்கு ஒரு விஷயம் புரிந்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அவனையே சொல்லித்தரச் சொன்னால் போதும்.

நம் ஊருக்கும் கார் ரேசுக்கும் உள்ள தொடர்பு இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. செட்டிபாளையம் டிராக்குக்கு 'கரி' என்ற பெயர் வந்தது எஸ். கரிவரதன் அவர்களால். ரேஸ் ஓட்டியவர், ரேஸ் கார் வடிவமைத்தவர். மாருதி என்ஜினை வைத்து அவர் உருவாக்கிய ஒற்றை இருக்கைக் காரில்தான் நம் நாட்டுப் பிள்ளைகள் பலர் பந்தயம் பழகினார்கள். 1995இல் விமான விபத்தில் காலமானார். 2005 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் ஆனாரே, அவரும் நம் கோயமுத்தூர்க்காரர்தான். அந்த வருடம் என் வகுப்பில் பையன்கள் நோட்டு அட்டை எல்லாவற்றிலும் ரேஸ் கார்தான் வரைந்து வைத்திருந்தார்கள். ஆக, இந்த ஆசை எங்கிருந்தோ வந்த ஆசை இல்லை.

பேரன் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.

முதலில் கையுறை, ஷூ. அடுத்து உடுப்பு. 'நோமெக்ஸ்' என்ற துணியில் தைத்தது, நண்பனிடம் இரவல் வாங்கியதாம். சாதாரண பாலியஸ்டரும் நைலானும் தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். நோமெக்ஸ் உருகாது. சூட்டில் கருகித் தடித்து, தோலுக்குப் போகும் வெப்பத்தைத் தாமதப்படுத்தும். இதைக் கேட்டதும் எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. அடுப்படிக்குப் போகும்போது நைலக்ஸ் சேலை கட்டக்கூடாது, நூல் சேலைதான் கட்ட வேண்டும் என்று எங்களை விரட்டுவார். உள்ளே என்ன போடுவாய் என்று கேட்டேன். பளபளவென்று ஒரு பாலியஸ்டர் டீ ஷர்ட்டைக் காட்டினான். "இத வீட்டுலயே வச்சிரு. நம்ம திருப்பூர் பருத்தி பனியன் போட்டுக்கோ" என்றேன்.

அடுத்தது ஹெல்மெட். பைக் ஹெல்மெட்டும் கார் ரேஸ் ஹெல்மெட்டும் ஒன்றல்ல என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அமெரிக்காவில் ஸ்னெல் அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறது. 1956இல் பந்தயத்தில் தலையில் அடிபட்டு இறந்த பீட் ஸ்னெல் என்பவரின் நினைவாக அடுத்த ஆண்டே தொடங்கினார்கள். அவர்கள் சோதித்துத் தரும் முத்திரையில் 'எம்' என்றால் மோட்டார் சைக்கிளுக்கு, 'எஸ்ஏ' என்றால் கார் பந்தயத்துக்கு. எஸ்ஏ ஹெல்மெட்டைத் தீயிலும் சோதிக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ளே இருப்பது தெர்மாகோல் போன்ற பொருள்தான். அடி விழும்போது அது நசுங்கி, மூளைக்குப் போக வேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒரு முறை நசுங்கினால் பழைய நிலைக்கு வராது. அதனால் பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே நன்றாகத் தெரிந்தாலும், மறுபடி உதவாது.

மாட்டிக் காட்டச் சொன்னேன். மாட்டினான். தாடைப் பட்டையையும் இறுக்கினான். ஆனால் முகத்துக்கு முன்னால் இருக்கும் வைசர், அதுதான் அந்தக் கண்ணாடி, நெற்றிக்கு மேலே தூக்கியபடி நின்றது.

"ஏஞ்சாமி, அதை எறக்கி விடலியா?"

"மூடுனா ஆவி புடிக்குது அம்மிச்சி. காருக்குத்தான் முன்னாடி கண்ணாடி இருக்குதே."

இந்த இடத்தில்தான் எனக்கு என் மாணவன் ஒருவன் ஞாபகம் வந்தான். 90களில் என்னிடம் படித்தவன். கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் வார்ப்புகளுக்குக் கிரைண்டிங் பிடிக்கும் வேலை. இரும்புத் தூள் பறந்து வலது கண் போய்விட்டது. பார்க்கப் போனபோது அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கண்ணாடி போட்டிருந்தனுங்க டீச்சர். நெத்தி மேல இருந்துச்சுங்க. வேர்க்குதுன்னு தூக்கி உட்டிருந்தனுங்க." இந்தப் பதிவில் இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "பேரு வேண்டாங்க, விசயத்தை எழுதுங்க" என்றான்.

ஒருவனுக்கு வேர்வை, இன்னொருவனுக்கு ஆவி. பொருள் இரண்டு பேரிடமும் இருந்தது. இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

பேரன் தன் போனில் காட்டிய பழைய சம்பவங்களே எனக்குப் பாடமாயின. 1972இல் பிரான்சில் நடந்த பந்தயத்தில் முன்னால் போன காரின் சக்கரம் கிளப்பிய கல் ஒன்று ஹெல்முட் மார்க்கோ என்ற ஆஸ்திரிய வீரரின் வைசரைத் துளைத்தது. இடது கண் பார்வை போய், பந்தயம் ஓட்டுவதே அன்றோடு நின்றது. ஒரு கல், அவ்வளவுதான். வைசர் இன்னும் பலமாக வேண்டும் என்று உலகம் கற்றுக்கொண்டது இப்படித்தான். 2009 ஜூலையில் ஹங்கேரியில் முன்னால் போன காரிலிருந்து கழன்ற ஸ்பிரிங் ஒன்று ஃபெலிப்பே மாசாவின் ஹெல்மெட்டில், இடது கண்ணுக்கு மேல், வைசர் ஓரத்தில் அடித்தது. மண்டையோட்டில் முறிவு. ஆனால் பிழைத்தார். அடுத்த ஆண்டு மறுபடி ஓட்ட வந்தார். அதற்குப் பிறகு 2011 முதல் ஃபார்முலா ஒன் வைசரின் மேல் விளிம்பில் 'சைலான்' என்ற மிக உறுதியான இழைப்பட்டை சேர்த்தார்கள். 2020 நவம்பரில் பஹ்ரைனில் ரொமான் குரோஜான் ஓட்டிய கார் தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்து தீப்பிடித்தது. ஏறக்குறைய 28 விநாடி தீக்குள் இருந்துவிட்டு அவரே வெளியே வந்தார். கைகளில் தீக்காயம். முகமும் கண்ணும் தப்பின. அந்த வைசர் நெற்றி மேல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"நான் என்ன ஃபார்முலா ஒன்னா ஓட்டப் போறேன்" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் டிராக்கில் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டச் சொல்வது பல இடங்களில் வழக்கம். சரளை உள்ளே வரலாம். முன் கண்ணாடியே உடைந்து தெறிக்கலாம். புகை வந்தால் முதலில் எரிவது கண்தான். கண்ணை மூடிக்கொண்டு எவனும் வண்டியை நிறுத்த முடியாது.

சரி, ஆவிக்கு என்ன செய்வது? இது ஏழாம் வகுப்புப் பாடம். நாம் விடும் மூச்சில் நீராவி இருக்கிறது. குளிர்ந்த பரப்பில் பட்டால் அது துளியாகப் படியும். ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே வேர்ப்பதும் இதுதான். திட்டினால் ஆவி போகாது, அதற்கு வழி செய்ய வேண்டும். ஹெல்மெட்டில் காற்றுத் துளைகள் இருக்கின்றன, அதைத் திறந்து வைக்க வேண்டும். வைசரின் உள்பக்கம் ஒட்டும் ஆவி தடுப்புப் படலம் கடையில் கிடைக்கிறது. வரிசையில் நிற்கும்போது வேண்டுமானால் லேசாகத் திறந்து வைக்கலாம். வண்டி டிராக்குக்குள் நுழையும் முன் மூடிவிட வேண்டும், திரும்பி வந்து நின்ற பிறகுதான் திறக்க வேண்டும். மறுநாளே அந்தப் படலத்தை ஒட்டிக்கொண்டு வந்து, ஹாலில் ஹெல்மெட்டோடு பத்து நிமிடம் உட்கார்ந்து காட்டினான். "இப்ப புடிக்கல அம்மிச்சி" என்றான்.

பிறகு மகளிடம் பேசினேன். "அங்க எல்லா வண்டியும் ஒரே பக்கமாப் போகும். எதிர்ல லாரி வராது, குறுக்கே நாய் வராது. பக்கத்துலயே ஆம்புலன்ஸ் நிக்கும். அப்படி இருந்தும் இத்தனையும் மாட்டிட்டுத்தான் உள்ள விடறாங்க. தினமும் அவிநாசி ரோட்டுல பைக்குல ஆபீஸ் போறானே, அங்க இதுல எதுவும் இல்லியே கண்ணு. எனக்கு அந்தப் பயந்தான் பெருசு" என்றேன். போகக்கூடாது என்று நான் பேரனிடம் சொல்லவில்லை. இரண்டு நிபந்தனை போட்டேன். டிராக்கில் வைசர் மூடியே இருக்க வேண்டும். டிராக்கில் காட்டும் அதே ஒழுங்கு திங்கட்கிழமை காலை பைக்கிலும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் சரி என்றான். மகள் இன்னும் முழு மனதாகச் சம்மதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் கூடவே போகிறோம். இரண்டு பேருக்கும் அன்று சோறு இறங்காது என்று தெரியும்.

மாணவச் செல்வங்களே, ரேஸ் உங்களில் பலருக்குத் தேவைப்படாது. ஆனால் இந்தச் சில விஷயங்கள் எல்லோருக்கும் வேண்டும்.

* ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக்கூடாது.
* தாடைப் பட்டையைப் போடாமல் மாட்டினால் மாட்டாத கணக்குத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவே ஹெல்மெட் பட்டையால் இறுகக் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. பின்னால் உட்காருபவருக்கும் அதே சட்டம்தான்.
* வைசரைப் பெட்ரோலிலோ தின்னரிலோ துடைக்காதீர்கள், அந்தப் பிளாஸ்டிக் வெடித்துவிடும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும்.
* கீறல் விழுந்த வைசரில் இரவில் எதிர் வண்டி வெளிச்சம் சிதறிக் கண்ணைக் கூசும். வைசரை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ளலாம்.
* கறுப்பு வைசர் பகலுக்கு மட்டும்.
* கிரைண்டிங், வெல்டிங் வேலை செய்யும் என் பிள்ளைகளே, வேர்த்தால் மெஷினை நிறுத்திவிட்டுத் துடைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மெஷினை ஓட விடாதீர்கள்.

இன்று சாயங்காலம் உங்கள் வீட்டு ஆணியில் தொங்கும் ஹெல்மெட்டை எடுத்துப் பட்டை சரியாக மாட்டுகிறதா, கண்ணாடி தெளிவாக இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். பார்த்துவிட்டுக் கீழே எனக்கு ஒரு வரி எழுதுங்கள். வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது மாதிரி ஒவ்வொரு பெயராகப் பார்ப்பேன்.

வாழ்க வளமுடன்.

உங்கள் டீச்சர்