ஜட்சன் வீட்டு நாட்கள்

அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் என்றதும் பர்மிய வேதாகமம் நினைவுக்கு வரும். அந்த வேதாகமம் எழுதப்பட்ட வீட்டில் உலை வைத்தது யார், பிள்ளைக்குப் பால் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் பெரும்பாலும் ஓரத்தில் தள்ளப்பட்ட செய்திகள். ஆனால் அந்த ஊழியத்தைத் தாங்கி நின்றது அந்த வீடுதான். அவருடைய மனைவி ஆன் அமெரிக்காவுக்கு எழுதிய கடிதங்களிலிருந்தும், குடும்பத்தார் பதிந்துவைத்த நினைவுகளிலிருந்தும் எடுத்த சில நாட்கள் இங்கே தேதிவாரியாக வருகின்றன.

1813 ஜூன் 22, சென்னை

கல்கத்தாவில் தங்கக் கிழக்கிந்தியக் கம்பெனி இடம் தரவில்லை. மொரீஷியஸ் தீவுக்குப் போய், அங்கிருந்து சென்னைக்கு வந்திருந்தார்கள் தம்பதியர். இங்கும் கம்பெனியின் ஆட்சிதான். பிடித்து இங்கிலாந்துக்கு ஏற்றிவிடுவார்களோ என்ற பயத்தில் எந்தக் கப்பல் கிளம்பினாலும் ஏறுவது என்று இருந்தார்கள். கிளம்பத் தயாராக நின்றது ‘ஜார்ஜியானா’. அது ரங்கூனுக்குப் போகிற கப்பல்.

ஆனுக்கு வயது 23, வயிற்றில் பிள்ளை. துணைக்கென்று சென்னையில் அமர்த்திய ஐரோப்பியப் பெண் கப்பல் ஏறிய கொஞ்ச நேரத்தில் விழுந்து இறந்துபோனார். பிரசவம் நடுக்கடலில் நடந்தது. உதவிக்கு இருந்தவர் கணவர் மட்டும். குழந்தை உயிரோடு பிறக்கவில்லை. ஜூலை 13 அன்று ரங்கூன் கரையில் ஆனுக்கு நடக்க முடியவில்லை. நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிச் சென்றார்கள். வழியில் பர்மியப் பெண்கள் கூட்டமாக வந்து அவருடைய தொப்பிக்குக் கீழே குனிந்து முகத்தைப் பார்த்தார்கள்.

1814 வாக்கில், ரங்கூன்

விசேஷம் ஒன்றும் இல்லாத ஒரு நாள். இங்கே வரும் நாட்களிலெல்லாம் நிறைவான நாள் இதுதான்.

திறந்த தாழ்வாரத்தில் மேசை நிறையப் பர்மியச் சுவடிகள். அதோனிராம் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில், இடுப்பில் துணியும் தலையில் உருமாலுமாக வயதான ஆசிரியர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அகராதியும் கிடையாது. ஒரு பொருளைச் சுட்டுவதும் அதன் பெயரைக் கேட்பதுமாகத் தொடங்கிய பாடம், நாள் முழுக்க ஓயாத பேச்சாக நடக்கிறது. ஒரு பெண்ணுக்குப் பாடம் சொல்வது தன் தகுதிக்குக் குறைவு என்று முதலில் ஆனை அவர் கண்டுகொள்ளவே இல்லை. ஆன் விடாமல் உட்கார்ந்து படிப்பதைப் பார்த்த பிறகுதான் அவரிடமும் கவனம் வைத்தார்.

ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு எதுவும் இல்லை என்று ஆன் எழுதுகிறார். சோறு, கோழிக் குழம்பு, இல்லாவிட்டால் வெள்ளரிக்காய் போட்டு வேகவைத்த கோழி. பிறந்ததிலிருந்து சாப்பிட்டுப் பழகிய எதுவும் தட்டில் இல்லை.

கணவர் படிக்கட்டும் என்று வீட்டுப் பொறுப்பு முழுவதையும் ஆன் ஏற்றுக்கொண்டார். காலை நேரமெல்லாம் வேலையாட்களுக்குச் சொல்லவும் அன்றைய சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்யவும் போய்விடும். பத்து மணிக்குப் பிறகுதான் புத்தகம். கொஞ்ச காலம் கழித்துப் பார்த்தால், பேசுவதில் அவர் கணவரை முந்தியிருந்தார். அடுப்படிக்கும் கடைக்கும் நாள் முழுவதும் பர்மிய மொழி வேண்டியிருந்ததே காரணம் என்று அவரே எழுதியிருக்கிறார். பின்னாளில் அவர் சயாமிய மொழியும் கற்று, மத்தேயு நற்செய்தியை அதில் பெயர்த்தார். வீட்டு வேலை ஊழியத்துக்கு இடைஞ்சல் என்று நினைப்பவர்கள் இந்தக் காலத்துக் கடிதங்களைப் படிக்க வேண்டும்.

1816 மே 4, ரங்கூன்

ரோஜர் வில்லியம்ஸ் ஜட்சன் இன்று இறந்தான். எட்டு மாதக் குழந்தை. 1815 செப்டம்பர் 11 அன்று, மருத்துவரோ மருத்துவச்சியோ இல்லாத வீட்டில் பிறந்தவன். அக்கம்பக்கத்துப் பர்மியரும் போர்த்துக்கீசிய வம்சத்தாரும் அடக்கத்துக்கு வந்து நின்றார்கள். சில நாள் கழித்து ஆளுநரின் மனைவி பெரும் பரிவாரத்தோடு துக்கம் கேட்க வந்தார். தனக்கு ஏன் சொல்லி அனுப்பவில்லை, அடக்கத்துக்கு வந்திருப்பேனே என்று வருத்தப்பட்டார். பிறகு இருவரையும் காற்றாட யானைமேல் வெளியே அழைத்துப் போனார். ஊழியம் செய்ய வந்த இடத்தில் ஆறுதல் அந்த ஊராரிடமிருந்து வந்தது.

1824 ஜூன் 8, ஆவா

இப்போது குடும்பம் தலைநகரில். மே மாதம் பிரிட்டிஷ் படை ரங்கூனைப் பிடித்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் எல்லோரும் ஒற்றர்கள் என்று அரசவை சந்தேகப்பட்டது. சாப்பாட்டுக்கு உட்காரும் வேளையில் அதிகாரி ஒருவர் ஆட்களோடு நுழைந்தார். அதோனிராமைக் கீழே தள்ளிக் கயிற்றால் இறுக்கிக் கட்டி இழுத்துப் போனார்கள்.

அன்று மாலை ஆன் தம் கடிதங்கள், குறிப்பேடுகள் எல்லாவற்றையும் அழித்தார். நாட்டுக்கு வந்தது முதல் நடந்ததெல்லாம் அவற்றில் இருந்தது. இங்கிலாந்தில் கடிதத் தொடர்பு உண்டு என்று தெரிந்தால் கணவரின் தலை போய்விடும். பிற்பாடு அவர் நினைவிலிருந்து எழுதிய நீண்ட கடிதம்தான் இந்த இரண்டு ஆண்டுகளுக்கு நமக்குள்ள முதன்மையான ஆதாரம்.

1824 பிற்பகுதி, ஆவா

சிறையில் கைதிக்குச் சோறு கிடையாது. வீட்டிலிருந்து வந்தால் உண்டு. ஆகவே ஆன் சமைத்து அனுப்பினார், முடிந்த மாலைகளில் பர்மிய உடையில் தாமே இரண்டு மைல் நடந்து போனார். புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பின் கைப்பிரதியை ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்து, கணவரின் தலைமாட்டுக்கே கொடுத்தனுப்பினார். யாருக்கும் ஆசை வராதபடி அந்தத் தலையணை கரடுமுரடாக இருந்தது.

ஒரு நாள் நியூ இங்கிலாந்து வீடுகளில் செய்கிற இறைச்சிப் பணியாரம் ஒன்றைச் செய்து பார்த்தார். எருமைக்கறி, வாழைப்பழம், கையில் கிடைத்தது அவ்வளவுதான். பணியாரத்தைப் பார்த்த அதோனிராமுக்குத் தாய் வீட்டு மேசை கண்முன் வந்துவிட்டது. சாப்பிட முடியவில்லை. அழுதுகொண்டே பக்கத்துக் கைதியிடம் கொடுத்துவிட்டார். இந்தச் சம்பவத்தைப் பிற்காலத்தில் குடும்பத்தாரிடம் சொன்னவர் அவரேதான்.

1825 ஜனவரி 26 அன்று மரியா பிறந்தாள். சில வாரங்களில் ஆன் அவளைத் தூக்கிக்கொண்டு சிறை வாசலுக்குப் போய்த் தகப்பனிடம் காட்டினார்.

1825 மே முதல், அவுங்பின்லே

கைதிகளை வெறுங்காலோடு சுடுமணலில் நடத்தி இந்தக் கிராமத்துக்குக் கொண்டுவந்தார்கள். வழியில் ஒருவர் இறந்தார். தகவல் தெரிந்ததும் ஆன் படகிலும் வண்டியிலும் பின்தொடர்ந்தார். மடியில் மூன்று மாதக் குழந்தை. கூடவே அவர் வளர்த்துவந்த இரண்டு பர்மியச் சிறுமிகள், மேரியும் அபியும். பிறகு, வங்காளிச் சமையல்காரர்.

தங்க இடமாகச் சிறைக் காவலர் ஒருவர் தம் தானிய அறையைக் கொடுத்தார். அதில் பாதி தானியம். மறுநாள் காலை மேரிக்குப் பெரியம்மை கண்டது. ஆன் அபிக்கும் காவலரின் பிள்ளைகளுக்கும் அம்மை குத்தினார். அந்தப் பிள்ளைகளுக்கு நோய் லேசாக வந்து போனதைப் பார்த்து, ஊர்த் தாய்மார் தங்கள் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மரியாவுக்கு மட்டும் அம்மை குத்தியது பலிக்கவில்லை. மூன்று மாதத்துக்குமேல் அவதிப்பட்டாள். பிறகு ஆனும் விழுந்தார். மருந்துப் பெட்டியை எடுத்துவர ஆவாவுக்குப் போய்த் திரும்பியபோது உயிர் மட்டுமே மிச்சம்.

அந்தச் சமயத்தில் குடும்பத்தைக் காப்பாற்றியவர் சமையல்காரர். சாதி ஆசாரப்படி தொடக்கூடாத வேலையையெல்லாம் அவர் செய்தார். விறகு தேடினார், தண்ணீர் சுமந்தார், கைதிக்குச் சோறு கொண்டுபோனார். தமக்குச் சாப்பாடு இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை, கூலியும் கேட்கவில்லை. ஆன் இதை நெஞ்சு நெகிழ எழுதியிருக்கிறார். பர்மிய மிஷன் வரலாற்றில் இந்த மனிதருக்கு முன்வரிசையில் இடம் உண்டு என்றே சொல்ல வேண்டும்.

தாய்க்குப் பால் வற்றிப்போனது. விலைக்கும் பால் கிடைக்கவில்லை. ஆன் காவலர்களுக்கு ஏதேதோ கொடுத்து, கணவரைக் கொஞ்ச நேரம் வெளியே விட அனுமதி வாங்கினார். அதோனிராம் எலும்பும் தோலுமாயிருந்த மகளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், கைக்குழந்தை உள்ள தாய்மாரிடம் பால் கேட்டார். அவர்களும் கொடுத்தார்கள். அவர்கள் நாட்டோடு வெள்ளையர் படை போர் நடத்திக்கொண்டிருந்த நேரம் அது. பிள்ளை பசித்து அழுதது, அவர்கள் எடுத்துப் பால் கொடுத்தார்கள்.

1826 நவம்பர் 24, ஆவா

பிப்ரவரியில் யாண்டபோ உடன்படிக்கை கையெழுத்தாகிப் போர் முடிந்தது. குடும்பம் ஆம்ஹர்ஸ்ட் என்ற புதிய ஊரில் குடியேறியது. பேச்சுவார்த்தைக்கு மொழிபெயர்ப்பாளராகப் பிரிட்டிஷார் அழைக்க, அதோனிராம் மறுபடி ஆவா போயிருந்தார். கறுப்பு முத்திரை வைத்த கடிதம் ஒன்று வந்தது. குழந்தை இறந்த செய்தி என்று எண்ணிக் கொண்டுவந்தவர் துக்கம் சொன்னார். பிரித்துப் பார்த்தால், ஆன் அக்டோபர் 24 அன்றே இறந்திருந்தார். வயது 36. மரியா அடுத்த ஏப்ரலில் போனாள்.

1834 முடிவில், மௌல்மெய்ன்

வேதாகம மொழிபெயர்ப்பு இந்த ஆண்டு ஜனவரியில் முடிந்தது. ஏப்ரலில் அதோனிராம், மிஷனரி ஜார்ஜ் போர்டுமனின் விதவை சாராவை மணந்தார். சாராவின் மகன் ஜார்ஜுக்கு ஆறு வயது. உடம்பு தேற வேண்டும், படிக்க வேண்டும் என்று அவனை அமெரிக்காவுக்குக் கப்பலேற்ற முடிவானது. கிழக்கு நாடுகளில் இருந்த எத்தனையோ மிஷனரிக் குடும்பங்கள் எடுத்த முடிவுதான். ஊழியத்துக்கு வந்தது பெற்றோரின் தீர்மானம். அந்தப் பிரிவைச் சுமந்தது பிள்ளை. சிங்கப்பூர் அருகே அவன் இருந்த படகில் கடற்கொள்ளையர் ஏறினார்கள்; பையன் பலகைக்கு அடியில் ஒளிந்து தப்பினான். தாயும் மகனும் அதன்பிறகு சந்திக்கவே இல்லை.

1845 செப்டம்பர் 1, செயின்ட் ஹெலினா

நோயுற்ற சாராவைக் காப்பாற்ற அமெரிக்காவுக்குக் கிளம்பிய பயணம். மூத்த பிள்ளைகள் மூவர் கூட வந்தார்கள். சிறியவர் மூவரையும் மௌல்மெய்னில் சக மிஷனரிகளின் வீடுகளில் விட்டிருந்தார்கள். கடைக்குட்டி எட்வர்டுக்கு அப்போது நான்கு மாதம். கப்பல் இந்தத் தீவின் துறைமுகத்தில் நின்றபோது சாரா இறந்தார். அன்றைக்கே அடக்கம், அன்று மாலையே கப்பல் கிளம்பிவிட்டது. மௌல்மெய்னில் விட்டுவந்த சார்லஸ் ஆகஸ்டிலேயே இறந்துவிட்டது அவர்கள் யாருக்கும் தெரியாது.

1847, ரங்கூன்

அதோனிராம் மூத்தவர்களை அமெரிக்காவில் விட்டுவிட்டு, எமிலி என்ற எழுத்தாளரை மணந்து திரும்பியிருந்தார். மிஞ்சியிருந்த ஹென்றியும் எட்வர்டும் இந்தப் புதிய தாயிடம் ஒட்டிக்கொண்டார்கள். வாடகைக்குக் கிடைத்த பெரிய செங்கல் வீடு நிறைய வௌவால்கள். எமிலி அதற்கு ‘வௌவால் கோட்டை’ என்று பெயர் வைத்து, ஊருக்கு எழுதிய கடிதத்தில் அதை விவரித்தார்.

குடும்பம் பிறகு மௌல்மெய்னுக்கே திரும்பியது. 1850 ஏப்ரலில் அதோனிராம் உடல்நலம் தேடி அங்கிருந்து கடல் பயணம் போனார். 12ஆம் தேதி கப்பலிலேயே இறந்தார். உடலைக் கடலில் இறக்கினார்கள். பத்து நாள் கழித்து எமிலிக்குப் பிறந்த ஆண்பிள்ளை உயிரோடு இல்லை. கணவர் இறந்த செய்தி ஆகஸ்ட் மாதம்தான் மௌல்மெய்னுக்கு வந்து சேர்ந்தது. அதுவரை அவர் வருவார் என்று அந்த வீட்டார் எதிர்பார்த்திருந்தார்கள். அடுத்த ஆண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எமிலி அமெரிக்கா திரும்பினார். 1883இல் தகப்பனின் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டது எட்வர்ட். தகப்பன் இறந்தபோது அவருக்கு ஐந்து வயது. ஆகவே வீட்டில் நடந்ததைக்கூட அவர் பெரும்பாலும் பழைய கடிதங்களைத் தேடிப் படித்துத்தான் எழுத வேண்டியிருந்தது.